சத்தம் எப்போது வருகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஆசிரியர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விடுவதும், வாரம் ஒருமுறை தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதும் அந்த வண்டியில்தான்.

“முன்னாடி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் அண்ணாச்சி. ரெண்டு ஷாக் அப்சார்பரையும் மாத்தியாச்சு. பன்னெண்டாயிரம் போச்சு. சத்தம் அப்படியேதான் கேக்கு.”

“எப்பம் வருது தம்பி?” என்று கேட்டேன்.

“எப்பம்னா... ஓட்டும்போதுதான்.”

இதே பதிலோடுதான் அவர் பணிமனைக்கும் போயிருக்கிறார். ‘முன்னாடி சத்தம்’ என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்தால், சக்கரத்தைக் கழற்றியதும் கண்ணில் முதலில் படுவது ஷாக் அப்சார்பர். ஒன்பது வருடம் ஆன பொருள், மேலே லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதுதான் காரணம் என்று முடிவாகிவிடும். உண்மையில் தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் சத்தத்தைவிட ஆட்டத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். வண்டியின் மூக்கை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ஒருமுறை எழும்பி நிற்க வேண்டியது, இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். நெடுஞ்சாலையில் படகு மாதிரி மிதக்கும். உள்ளே உடைந்து தட்டுகிற ஷாக் அப்சார்பர்களும் உண்டு, ஆனால் சந்தேகப்பட்டியலில் அதை முதலில் வைக்கக் கூடாது.

சத்தம் எங்கே வருகிறது என்று தேடத் தொடங்கினால் காது நம்மை ஏமாற்றும். காரின் உடல் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டவைத்த இரும்புத் தகடு. வலது சக்கரத்தில் பிறந்த சத்தம் இடது காலடியில் கேட்கும், டேஷ்போர்டுக்குள்ளிருந்து வருவது போலவும் தோன்றும். ஆனால் ‘எப்போது’ அப்படி ஏமாற்றாது. முன்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் பாரம் ஏறுகிற வேளை வேறு வேறு. ஒன்றுக்கு பிரேக் பிடிக்கும்போது, ஒன்றுக்கு ஸ்டியரிங் திருப்பும்போது, இன்னொன்றுக்கு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது. வேளை தெரிந்தால் பாகம் பாதி தெரிந்த மாதிரி.

டீ வந்தது. அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முன்சக்கரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்கினேன்.

இன்று நம் ஊரில் ஓடுகிற சின்ன, நடுத்தரக் கார்களில் மிகப் பெரும்பான்மை, முன்பக்கத்தில் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வைத்தவை. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்தது. அவர் ஃபோர்டு நிறுவனத்துக்குப் போன பிறகு, 1950இல் பிரிட்டனில் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய கான்சல் காரில் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் வீட்டு வாசலுக்கும் வந்துசேர்ந்தது. அந்த ஏற்பாட்டின் அழகு, ஒரே கால் மூன்று வேலை பார்ப்பது: ஸ்பிரிங்கைத் தாங்குகிறது, துள்ளலை அடக்குகிறது, ஸ்டியரிங் திருப்பும்போது தானும் சேர்ந்து திரும்புகிறது. அந்தக் காலின் தலை, பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரிகிற வட்டமான இடத்தில் ஒரு ரப்பர் மவுண்டிலும் பேரிங்கிலும் உட்கார்ந்திருக்கும். பாதத்தை லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். ஆர்மின் ஒரு நுனி இரண்டு ரப்பர் புஷ்களோடு வண்டியில் மாட்டியிருக்கும், மறுநுனியில் பால் ஜாயிண்ட். ஸ்டியரிங் ரேக்கிலிருந்து டை ராட் ஒன்று குறுக்கே வந்து சக்கரத்தைத் திருப்பும். இவை போக, இடது வலது சக்கரங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிற வளைந்த கம்பி ஒன்று உண்டு, அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரண்டு நுனிகளையும் ஸ்ட்ரட்டோடு இணைக்கிற ஒரு சாண் நீளத் துண்டுக்கு லிங்க் ராட் என்று பெயர். எல்லா வண்டியிலும் லிங்க் ராட் கிடையாது. மாருதி 800, பழைய ஆல்டோ போன்றவற்றில் அந்தக் கம்பியே நேராக லோயர் ஆர்மில் போய்ச் சேர்ந்துவிடும்.

அம்பாசடர் காலத்தில் முன்பக்க மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. மாதாமாதம் கிரீஸ் கன்னோடு ஒருவர் வண்டிக்கு அடியில் படுப்பார், படுத்தவர் அப்படியே மூட்டுகளையும் ஆட்டிப் பார்த்துவிடுவார். இப்போதைய பால் ஜாயிண்ட்கள் ரப்பர் உறை போட்டு மூடியே வருகின்றன, கிரீஸ் அடிக்க வழியில்லை, அதனால் யாரும் அங்கே பார்ப்பதும் இல்லை. பல வண்டிகளில் சத்தம்தான் முதல் தகவல்.

அந்தத் தகவலைச் சொல்லத் தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை. கடகட, லடலட, கீச்சுகீச்சு, டொக்கு, டொங், உர்ர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாகத்தின் குரல். தளர்ந்துபோன மூட்டு டொக்கு என்று தட்டும். காய்ந்த ரப்பர் கீச்சென்று அழும். தேய்ந்த பேரிங் உர்ர் என்று முனகும். மெக்கானிக்கிடம் போகும்போது வெட்கப்படாமல் அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டுங்கள். நல்ல மெக்கானிக் எவரும் சிரிக்க மாட்டார், தலையைச் சாய்த்துக் கேட்பார்.

ஆசிரியரின் டொக்குக்கு வருகிறேன். வண்டியை எடுப்பதற்கு முன் டிக்கியைக் காலி செய்தோம். ஸ்டெப்னி, ஜாக்கி, அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எல்லாம் வெளியே வந்தன. முன்பக்கம் கேட்கிற சத்தத்துக்கு டிக்கியை ஏன் காலி செய்ய வேண்டும் என்று கேட்டார். கழன்ற ஜாக்கியின் ஓசை தகடு வழியாக எங்கும் போகும் என்பதே காரணம். பேட்டரி கிளாம்ப், நம்பர் பிளேட், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பார்த்தோம். நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் ஸ்பானர் வைத்து ஒருமுறை பார்த்தேன். டயர் மாற்றிய பிறகு சரியாக முறுக்காத நட்டினால் சக்கரமே கழன்றுபோன வண்டிகள் உண்டு. எந்தச் சத்தமானாலும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசி, பாட்டு எதுவும் இல்லை, கண்ணாடி இறக்கியிருந்தது. ஒரு பள்ளிக்கூட மதில் ஓரமாக மெதுவாகப் போகச் சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்புகிற ஓசை, வண்டிக்குள் கேட்பதைவிடத் தெளிவாக இருக்கும். குழாய் பதித்து மூடிய மேடுபள்ளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது டொக்கு, டொக்கு, டொக்கு. ஆனால் அடுத்து வந்த பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ஒன்றுமே இல்லை.

“பாத்தியளா, பெருசுல வரல, சின்னதுலதான் வருது. இது என்ன கணக்கு?” என்றார்.

கணக்கு அந்த டீக்கடை பெஞ்சிலேயே இருக்கிறது. ஒரே பெஞ்சில் இரண்டு நுனியிலும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தால் பெஞ்ச் அசையாது. ஒருவர் மட்டும் சட்டென்று எழுந்தால்தான் அது ஒரு பக்கம் சாயும், கால் தளர்ந்திருந்தால் தரையில் தட்டும். ஸ்டெபிலைசர் பாரும் அப்படித்தான். சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுவதால் கம்பிக்கு முறுக்கு இல்லை, அது சும்மா மேலே போய்க் கீழே வரும். லிங்க் ராடுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது கம்பி முறுகுகிறது, அந்த விசை முழுவதும் லிங்க் ராடின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டை மூட்டு வழியாகப் போக வேண்டும். அது தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தட்டும்.

உறுதி செய்ய அதே வேகத்தடைக்குத் திரும்பிப் போய், இந்த முறை சாய்வாக, ஒரு சக்கரம் ஏறிய பிறகு மறுசக்கரம் ஏறுகிற மாதிரி மெதுவாகக் கடந்தோம். டொக்கு என்று வந்துவிட்டது. வேகத்தடைக்கென்று இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி. நம் தெருக்களில் பலரும் தங்கள் இஷ்டத்துக்குக் குவித்துவைத்திருக்கும் குறுகிய மேடுகளை அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முன்சக்கரத்து மூட்டுகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகின்றன என்பது விளங்கும். அந்த மேட்டுக்குப் பயந்து வண்டியைச் சாய்த்து ஏற்றுவது நம் வழக்கம். அடி தட்டாது என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்டெபிலைசர் பாரும் லிங்க் ராடும் முழு முறுக்கு வாங்குகின்றன.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். முதல் பணிமனையில் லிங்க் ராடைப் பார்க்காமல் இல்லை என்று ஆசிரியர் சொன்னார். ஜாக்கி போட்டு, கையால் பிடித்து ஆட்டி, ‘டைட்டாகத்தான் இருக்கிறது’ என்றார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் அந்தச் சக்கரம் கீழே தொங்கும், மறுசக்கரம் தரையிலேயே நிற்கும். கம்பி முறுகி லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த மூட்டுகூட இறுகினது போலக் காட்டும். நான்கு சக்கரமும் தாங்கலில் நிற்க, குழியிலோ ராம்ப்பிலோ அடியில் நின்று அசைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மெக்கானிக் குழிக்குள் இறங்கி இரண்டு விரலால் பிடித்து அசைத்ததுமே இடது லிங்க் ராட் கடகடத்தது. அதைக் கழற்றி, மறுபக்கத்தையும் விடுவித்து, பணிமனையைச் சுற்றி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஒரு சுற்று வந்தோம். சத்தம் இல்லை. லிங்க் ராட் இல்லாத வண்டி திருப்பத்தில் கூடுதலாகச் சாயும், ஆகவே இந்தச் சோதனை சில நூறு மீட்டருக்கு மட்டும்தான். ஒரு ஜோடி புது லிங்க் ராட், ஒரு மணி நேரக் கூலி, வேலை முடிந்தது. ஷாக் அப்சார்பருக்குப் போன தொகையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறியது.

எல்லா டொக்கும் லிங்க் ராட் ஆகாது. பிரேக் பிடித்து நிற்கும்போது ஒருமுறை, மறுபடி கிளம்பும்போது ஒருமுறை டொங் என்று வந்தால் லோயர் ஆர்மின் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். ரப்பர் கிழிந்துபோனால் ஆர்ம் முன்னும் பின்னும் நகரும். காலி மைதானத்தில் ரிவர்ஸில் கொஞ்சம் போய் பிரேக், முன்னால் கொஞ்சம் வந்து பிரேக் என்று செய்தால் தெளிவாகக் கேட்கும். அதே சத்தம் கிளட்சை விடும்போது மட்டும் வந்தால் எஞ்சின் மவுண்ட் பக்கம் பார்க்க வேண்டும். கரடுமுரடான சாலையில் லடலடவென்று வந்து, பிரேக்கில் லேசாகக் கால் வைத்தவுடன் நின்றுபோனால், அது பிரேக் கேலிப்பரும் அதன் பின்களும். சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். காலை நேரத்தில் கீச்சுகீச்சென்று கத்தி, மழை நாளில் ஊமையாகிவிட்டால் காய்ந்த ரப்பர் புஷ். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வண்டியை அழுத்திப் பார்த்தால் எது கத்துகிறது என்று பிடித்துவிடலாம். தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயிலையோ கிரீஸையோ தடவினால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், பிறகு ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும்.

நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் டொய்ங் என்று விடுபடுகிற மாதிரி வந்தால், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் சிக்குகிறது. பானட்டைத் திறந்து ஒருவர் மேல் மவுண்ட் மீது உள்ளங்கையை வைத்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால் கைக்கே தெரியும். ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் விரலை விடாதீர்கள். அதைவிட முக்கியமாக, மேலே நடுவில் இருக்கும் நட்டை வீட்டில் கழற்றவே கழற்றாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை அந்த நட்டுதான் பிடித்திருக்கிறது, ஸ்பிரிங் கம்ப்ரெஸர் மாட்டாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

முழுதாக ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கடகடகட என்றால் ஆக்ஸிலின் சிவி ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். வேகம் கூடக்கூட உர்ர் என்று கூடினால் வீல் பேரிங். இடது வளைவில் வண்டியின் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், ஆகவே அங்கே முனகல் கூடினால் வலது பேரிங் மீதுதான் முதல் சந்தேகம்.

பாகத்தைச் சரியாகக் கண்டுபிடித்தும் மூன்றே மாதத்தில் அதே சத்தம் திரும்பி வந்ததாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாகம் போலி என்று கோபப்படுவார்கள். சில நேரம் அது உண்மை. ஆனால் நான் பார்த்தவற்றில் பல, முறுக்கிய விதத்தில் வந்த கேடு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர், உள்ளிருக்கும் இரும்புக் குழலோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியிருக்கும். அது சுழல்வதில்லை, முறுகிக்கொடுக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், குழல் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுவிடும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் ஆர்ம் மேலே எழும், நிற்கும்போதே ரப்பர் முறுகி நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். சீக்கிரம் கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையிறுக்கமாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த பாரத்தில் நிற்கவைத்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். இதற்குக் குழியோ நான்கு சக்கரம் தாங்கும் ராம்ப்போ தேவைப்படும், பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்கும்போது அருகில் நின்று, ‘இறக்கிவச்சு முறுக்குங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஆர்ம், ஸ்ட்ரட், டை ராட் எதைக் கழற்றியிருந்தாலும் பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.

ஆசிரியரின் வண்டியில் புது லிங்க் ராடுகளை மாட்டிய கையோடு மெக்கானிக் இன்னொரு காரியமும் செய்தார். பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன்சக்கரங்களைத் தொங்கவிட்டார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. சக்கரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். 12 மணி, 6 மணி இடங்களில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்.

இவர் வண்டியில் ஆட்டம் எதிலும் இல்லை. ஆனால் இடது பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் ஒட்டிக் கிடந்தது. அந்த மாடலில் பால் ஜாயிண்ட் தனியாக வராது, லோயர் ஆர்மோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

“அதுலதான் சத்தம் ஒண்ணும் வரலையே அண்ணாச்சி. அடுத்த போனஸ் வரைக்கும் ஓட்டலாமா?”

கூடாது என்றேன். லிங்க் ராட் தேய்ந்தால் சத்தமும் எரிச்சலும்தான். பல மாதம் ஓட்டினாலும் சக்கரம் அதன் இடத்தில் இருக்கும். பால் ஜாயிண்ட் அப்படியல்ல. உறை கிழிந்து மணலும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் உருண்டை கிண்ணத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கிண்ணத்திலிருந்து உருண்டை கழன்று வந்துவிடும். அந்த நொடியில் சக்கரம் ஒரு பக்கமாக மடங்கும், வண்டியின் மூக்கு தரையில் இறங்கும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இருக்காது. தெருவில் நடந்தால் தப்பிக்கலாம், தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே ஆர்ம் வாங்கினார். போல்ட்டை வண்டியைத் தரையில் இறக்கிவைத்தே முறுக்கினார்கள்.

உங்கள் வண்டியில் டொக்கு என்று கேட்டால், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், பிரேக்கிலா திருப்பத்திலா, ஒரு சக்கரத்திலா இரண்டிலுமா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தத் தாளோடு, முன்பக்கத்து இரண்டு பால் ஜாயிண்ட்களின் ரப்பர் உறையையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கிழிந்திருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். ஆட்டமே தெரிந்துவிட்டால், மாற்றும் வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.